வைர ஜன்னலில் ஒரு பொட்டு

ஆயுத பூஜை கழிந்து மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை காலை பத்து இருபதுக்கு, உப்போடை ஒளி நிலையத்தின் வைர ஜன்னல் உடைந்தது.

பெரிய சத்தமெல்லாம் இல்லை. கண்ணாடி டம்ளரில் கொதிநீரை ஊற்றினால் ஒரு 'டிக்' கேட்குமே, அவ்வளவுதான். ஒளியை விட்ட நான்காவது வினாடியில் எல்லாம் முடிந்துவிட்டது. சிவப்பு விளக்கு சுழன்றது. இயக்குநர் டாக்டர் நல்லபெருமாள் "முருகா" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். பத்தரைக்கு ராகு காலம் ஆரம்பிக்கிறது, லீவுக்குப் பிறகு விடுகிற முதல் ஒளி அதற்கு முன்னால் போய்விட வேண்டும் என்று விடிந்ததிலிருந்து எல்லோரையும் விரட்டிக்கொண்டிருந்தவரும் அவர்தான்.

யாருக்கும் அடி இல்லை. அந்த மட்டில் நல்ல காலம். ஆனால் எல்லோரும் திரும்பிப் பார்த்தது உலகம்மாளைத்தான். அந்த ஜன்னலைத் துடைக்கிற உரிமை நிலையத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் உண்டு. அது அவள்.

உலகம்மாள் ஒரு சந்தேகப் பிறவி. நாற்பத்தாறு வயதில் இனி மாறுவாள் என்ற நம்பிக்கை வீட்டில் யாருக்கும் கிடையாது. கழுவி வைத்த தட்டை மறுபடி கழுவுவாள். பூட்டிய கதவை நாலு தரம் இழுத்துப் பார்ப்பாள். புருஷன் மணி ஏழு என்றால் எழுந்துபோய்க் கடிகாரத்தைப் பார்ப்பாள். வீட்டில் இதற்குப் பெயர் வியாதி, நிலையத்தில் இதற்குப் பெயர் தகுதி. பதினோரு வருஷமாக அந்த வைரத்தின் மேல் ஒரு தூசி உட்கார அவள் விட்டதில்லை.

அந்த வெள்ளிக்கிழமைதான் கோட்டை விட்டாள். துடைத்து முடித்ததும் விளக்குச் சோதனை என்று ஒன்று உண்டு. கூடத்து விளக்குகளை அணைத்து, இருட்டுக்குக் கண் பழகும் வரை காத்திருந்து, டார்ச்சை ஜன்னலின் ஓரத்தில் படுக்கையாகப் பிடித்துப் பார்க்க வேண்டும். ஒரு மணல் துகள் கிடந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். அதற்கு இருபது நிமிஷம் ஆகும். அன்றைக்கு இயக்குநரே வாசலில் வந்து நின்றுகொண்டு, "உலகம்மா, ராகு காலத்துல கொண்டுபோய் விட்டுராத தாயி" என்றார். அவள் துணியை ஒரு இழுப்பு இழுத்துத் துடைத்தாள். விளக்கை அணைக்கவே இல்லை. படிவத்தில் 'சோதனை செய்யப்பட்டது' என்று கையெழுத்துப் போட்டாள். பதினோரு வருஷத்தில் அவள் போட்ட முதல் பொய்க் கையெழுத்து.

சனிக்கிழமையே சென்னையிலிருந்து விசாரணை அதிகாரி வந்து இறங்கினார். பெயர் சம்பத்குமார். ஒல்லியான மனிதர், பென்சிலால்தான் எழுதுவார். விருந்தினர் விடுதியின் சாப்பாட்டு அறையில் மேஜையைப் போட்டுக்கொண்டு நிலையத்தின் ஐம்பத்துநாலு பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். யாரிடமும் குரலை உயர்த்தவில்லை. உலகம்மாளுக்கு அதுதான் பயமாக இருந்தது. கத்துகிற அதிகாரிகளை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள், டீ வந்ததும் சரியாகிவிடுவார்கள்.

"உட்காருங்கம்மா. எனக்கு விஞ்ஞானம் எல்லாம் வராது" என்று ஆரம்பித்தார். "வானத்துல சுத்தற குப்பையை, செத்துப்போன செயற்கைக்கோளை எல்லாம் இங்கேருந்து ஒளியால ஒரு தட்டு தட்டி விடறீங்க, அது கீழ விழுந்து எரிஞ்சு போயிடுது. அது வரைக்கும் புரியுது. அந்த ஒளி வெளிய போற வாசலுக்கு எதுக்கு வைரம்? கண்ணாடி போதாதா?"

"கண்ணாடி சூட்டைப் பிடிச்சு வச்சுக்கும் சார். நடுவுல கொதிக்கும், ஓரத்துல குளுந்து கிடக்கும், பொட்டுனு போயிரும். வைரம் சூட்டை வச்சுக்காது. பட்ட உடனே ஓரத்துக்குத் தள்ளிரும். ஓரத்துல தண்ணி ஓடுது, அது கொண்டுபோயிரும்."

"தட்டு அகலத்துக்கு வைரம் எங்க தோண்டி எடுக்கறாங்க?"

"தோண்டுறது எங்க சார், வளக்கிறதுதான். அடுப்புல வாயுவை விட்டு, அதுல இருக்க கரியை மட்டும் பாலாடை மாதிரி படிய விட்டுப் படிய விட்டு எடுப்பாங்க."

"அவ்வளவு கெட்டியானது ஏன் உடைஞ்சுது?"

"மேல அழுக்கு இருந்திருக்கும். வைரம் ஒளியைக் குடிக்காது, அழுக்கு குடிக்கும். அழுக்கு கொதிச்சா அதுக்கு அடியில இருக்க வைரமும் கரியாப் போயிரும். ஆதியில அது கரிதானே. அந்தக் கரி இன்னும் கூடக் குடிக்கும். பெறகு தாங்காது."

சம்பத்குமார் ஒரு படத்தை அவள் பக்கம் தள்ளினார். உடைந்த துண்டு ஒன்றின் பெரிதாக்கிய படம். ஓரத்தில் மிளகு அளவுக்கு ஒரு கறுப்பு. "லேப்ல பார்த்துட்டாங்க. மஞ்சளும் சுண்ணாம்பும் எரிஞ்ச தடம். அதாவது குங்குமம்."

"பூஜைக்கு முந்தின நாளே படிச்சுப் படிச்சுச் சொன்னேன் சார்! எங்க வேணும்னாலும் பொட்டு வைங்க, ஜன்னல்ல வைக்காதீங்க, சுத்தி இருக்க சட்டத்துல வச்சுக்கோங்கன்னு."

"கேட்டாங்களா?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் உள்ள போகல. வீட்டுக்காரரோட சித்தப்பா தவறிப் பத்து நாள்தான் ஆகியிருந்துச்சு, தீட்டு. வெளியில நின்னுக்கிட்டேன். பிலவேந்திரனும் நின்னாப்ல, தண்ணி பம்பு பாக்கிறவரு. வேதக்காரரு, மாதா கோயிலுக்குப் போறவரு, அவரு எப்பவும் வெளியிலதான் நிப்பாரு."

பென்சில் ஓடியது. "வெள்ளிக்கிழமை துடைச்சதும் விளக்குச் சோதனை செஞ்சீங்க இல்ல?"

"செஞ்சேன் சார்." பொய் சொல்லும்போது தொண்டை வறண்டுவிடும் என்பார்கள். அவளுக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை. அதை நினைத்து அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"அப்போ நீங்க துடைக்கும்போது ஜன்னல் சுத்தம். உங்களுக்கு அப்புறம் அதுக்குப் பக்கத்துல போனது யாரு?"

"பிலவேந்திரன்தான் சார். ஓரத்துத் தண்ணிக் குழாய் இறுக்கமா இருக்கான்னு பாக்கப் போவாரு."

உண்மையைத்தான் சொன்னாள். ஆனாலும் அந்தப் பெயர் நாக்கில் இவ்வளவு வேகமாக வந்திருக்க வேண்டாம். வெளியே வந்து செருப்பை மாட்டும்போது 'அப்பாடா' என்றிருந்தது. அந்த 'அப்பாடா'வை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

திங்கட்கிழமை மதியத்துக்குள் கேன்டீனில் தீர்ப்பே எழுதிவிட்டார்கள். பிலவேந்திரனின் ஊர் நிலையத்துக்குத் தெற்கே இருக்கிற மாதாகுடியிருப்பு. ஒளி விடுகிற நாட்களில் மீன்பிடிக்கப் போகக் கூடாது என்று தடை போட்டதிலிருந்து அந்த ஊர் நிலையத்தின் வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்திருக்கிறது. "உள்ளுக்குள்ளயே ஆளை வச்சுக்கிட்டு வெளியில என்ன காவல் வேண்டிக் கிடக்கு" என்றார் இயக்குநரின் உதவியாளர் கோமதிநாயகம், தயிர்சாதத்தைப் பிசைந்தபடி. "நாசவேலைச் சட்டம். பத்து வருஷம் உள்ள போவான் பாருங்க." சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். உலகம்மாளும் ஆட்டினாள்.

அவன்தான் செய்திருப்பான் என்று நம்ப அவள் ரொம்பவே பாடுபட்டாள். நம்பிவிட்டால் அவளுடைய பொய்க் கையெழுத்தை யாரும் தேடி வரப்போவதில்லை. ஆனால் பிறவிக் குணம் விடுமா? மத்தியானம் இரண்டு மணிக்கு எழுந்து துணி அலமாரியைத் திறந்தாள்.

துடைத்த துணி ஒவ்வொன்றையும் தேதி போட்ட உறையில் வைத்து ஒட்டி ஒரு வருஷம் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. வெள்ளிக்கிழமை உறையைப் பிரித்தாள். வெளிச்சத்தில் விரித்துப் பிடித்தாள். வெள்ளைத் துணி வெள்ளையாகவே இருந்தது. பொட்டு பூஜை அன்றிலிருந்தே ஜன்னலில் இருந்திருந்தால் துணி சிவந்திருக்க வேண்டும். குங்குமத்தைத் துணியில் துடைத்துவிட்டுக் கறை போகவில்லையே என்று அலுக்காத பெண் யார்? ஆகப் பொட்டை அவளுக்குப் பிறகுதான் யாரோ வைத்திருக்கிறார்கள். பிலவேந்திரனேதான்.

அப்பாடி என்று மடிக்கப் போனவள் நின்றாள். துணியின் நடுவில் தலைமுடி கனத்துக்கு ஒரு சாம்பல் நிறக் கோடு இருந்தது. லென்ஸை எடுத்து வைத்துப் பார்த்தாள். தூசி இல்லை. எரிந்த சாம்பல்.

அவள் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். வெள்ளிக்கிழமை காலை அவள் துடைக்கும்போதே பொட்டு எரிந்து முடிந்திருக்கிறது, அடியில் இருந்த வைரமும் கரியாகியிருக்கிறது. பூஜை செவ்வாய்க்கிழமை. புதன், வியாழன் இரண்டு நாளும் நிலையம் மூடிக் கிடந்தது. புதன் விஜயதசமி, சரி. வியாழக்கிழமையும் லீவு என்று இயக்குநர் தானாக அறிவித்தார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. லீவு கொடுப்பவரிடம் காரணம் கேட்கிற வழக்கம் நம் ஆட்களிடம் இல்லையே. அப்படியானால் மூடிக் கிடந்த நிலையத்தில் அந்தப் பொட்டை எரித்த ஒளி எங்கிருந்து வந்தது?

பம்பு அறையில் பிலவேந்திரன் ஒரு வால்வைக் கழற்றிப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான். முப்பத்தெட்டு வயசு, மூன்று நாளில் ஐம்பது மாதிரி ஆகியிருந்தான்.

"எக்கா, எம் பேரைச் சொல்லிட்டீங்க போல" என்றான் நிமிராமலே.

"உள்ள போனது யாருன்னு கேட்டா வேற யாரைச் சொல்ல?"

"சொல்லுங்க, சொல்லுங்க. அன்னைக்கு ரெண்டு பேரும் வெளியில நின்னு ஒரே தாளுல பொரி தின்னோம். நான் பொட்டு வைக்கிற ஆளான்னு உங்களுக்குத் தெரியாது பாத்தீங்களா."

அவள் கதவைச் சாத்தினாள். "ஒண்ணு கேக்கேன். உன் பிள்ளைங்க மேல சத்தியமாச் சொல்லணும். லீவு நாளுல ஓரத்துப் பம்பு ஓடிச்சா?"

அவன் கை நின்றது. "யாரு சொன்னா?"

"துணி சொல்லிச்சு." சாம்பலைப் பற்றிச் சொன்னாள். விளக்குச் சோதனை செய்யாமல் கையெழுத்துப் போட்டதையும் சொன்னாள். அதை ஏன் அவனிடம் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. சொன்னதும் நெஞ்சு கொஞ்சம் லேசாயிற்று.

பிலவேந்திரன் வால்வைக் கீழே வைத்தான். "புதன்கிழமை மத்தியானம் எனக்குத்தான் காவல் டூட்டி. மூணு பேரு வேன்ல வந்தாவ. முன்னப்பின்ன பாத்த மூஞ்சி இல்ல. 'டெஸ்ட்டு, நீ பம்பை மட்டும் போடு, புக்குல எழுத வேண்டாம்'னாவ. போட்டேன். பத்து நிமிஷம் ஓடிச்சு."

"பத்து நிமிஷமா? குப்பைக்கு நாம ஒரு நிமிஷத்துக்கு மேல விடுறதே கிடையாதே."

"செத்தது தட்டி விட்டாப் போயிரும். உசுரோட இருக்கிறதுக்குப் பத்து நிமிஷம் வேணும் போல."

அவன் செல்போனை எடுத்து அவளிடம் நீட்டினான். கடல் படம், அதன் மேல் காற்றின் அம்புக்குறிகள். மேலே, கடைசியாகப் படம் வந்த நேரம் புதன், மூன்று மணி ஏழு நிமிஷம் என்று அப்படியே நின்றிருந்தது. "கிழக்க ஒரு நாட்டுக்காரன் செயற்கைக்கோள் எக்கா. கடல்ல காத்து எங்க கிளம்புது, எங்க சுத்துதுன்னு பாத்துச் சும்மாவே குடுப்பான். அதைப் பாத்துத்தான் எங்க ஊரே கடலுக்குப் போவும். அவன் அது ஒண்ணை மட்டுமா பாத்தான்? நம்ம கப்பலையும் பாத்திருப்பான். அது யாருக்கோ பிடிக்கல. புதன்கிழமை மூணு மணியோட அதுக்குக் கண்ணு போச்சு. பேப்பர்ல 'தொழில்நுட்பக் கோளாறு'ன்னு நாலு வரி. வியாழக்கிழமை காத்து ஒரு சொல் சொல்லாம வந்துது. எங்க மிக்கேல் அண்ணன் படகு இன்னைக்கு வரைக்கும் கரை வரல. அண்ணனும் அவரு மருமவனும்."

உலகம்மாள் செல்போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"பம்பைப் போட்டது நான்தான் எக்கா" என்றான் அவன். கண்ணில் தண்ணீர் நின்றது. "அவரு பொண்டாட்டி தினமும் எங்க வீட்டு வாசல்ல வந்து உக்காருதா. உங்க நெலையத்துல ஏதும் தெரியுமான்னு எங்கிட்டயே கேக்கா."

"இதை அந்தச் சென்னைக்காரர்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"மூணு தரம் கூப்பிட்டு விட்டாரு. செவ்வாக்கிழமை எங்க நின்ன, வெள்ளிக்கிழமை எங்க நின்னன்னு கேட்டாரு. புதன்கிழமையைப் பத்தி உங்ககிட்ட ஒரு கேள்வி கேட்டாரா?"

அவள் யோசித்துப் பார்த்தாள். கேட்கவில்லை. தெரியாதவர் என்றால் எல்லா நாளையும் பற்றிக் கேட்பார். ஒரு நாளை மட்டும் சுற்றிக்கொண்டு போகிறவருக்கு அந்த நாளில் என்ன நடந்தது என்பது தெரிந்திருக்கிறது. அவள் போய், சாத்தியிருந்த கதவை இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தாள்.

"நீ வாயைத் திறந்துராத தம்பி" என்றாள்.

"நீங்களும்" என்றான் அவன்.

புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு சம்பத்குமார் மறுபடி கூப்பிட்டு அனுப்பினார். மேஜையின் மேல் ஒரே ஒரு தாள். அதில் அவள் சொன்னது எல்லாம் அழகாகத் தட்டச்சு செய்திருந்தது. துடைத்தது, சோதித்தது, சுத்தமாக இருந்தது, பிறகு பிலவேந்திரன் போனது.

"சாயந்திரம் போலீஸ் வருது" என்றார். "நாசவேலை வழக்கு. பத்து வருஷம் கிடைக்கும். நீங்கதான் முக்கியமான சாட்சி. கீழ ஒரு கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்குப் போகலாம். உங்க மேல ஒரு குறையும் இல்லைன்னு நான் எழுதிடறேன்."

பேனாவைக் கையில் எடுத்தாள். மகளுக்கு இந்த வருஷம்தான் கல்லூரி. புருஷனின் ஜெராக்ஸ் கடையை நம்பி உலை வைக்க முடியாது. கையெழுத்து என்ன, ஏற்கெனவே ஒரு பொய்க் கையெழுத்து போட்டாயிற்று, இது இரண்டாவது. பிலவேந்திரனின் இரண்டு பெண்களையும் அவளுக்குத் தெரியும். சின்னவளுக்கு முன்பல் விழுந்திருந்தது. துணியைக் காட்டி உண்மையைச் சொல்லலாம்தான். ஆனால் யாரிடம் சொல்வது? உண்மை தெரிந்தவரிடம் போய் உண்மையைச் சொல்லி என்ன ஆகப் போகிறது, தனக்குத் தெரியும் என்பதைத்தான் காட்டிக்கொடுத்ததாகும். பிலவேந்திரனுக்கும் தெரியும் என்பது தானாக வெளியே வரும்.

பேனாவைக் கீழே வைத்தாள். "பொட்டு வச்சது நான்தான் சார்."

"என்னது?"

"வெள்ளிக்கிழமை காலையில, துடைச்ச பெறகு. பூஜையில கலந்துக்க முடியலையேன்னு மனசு கேக்கல. சின்னதா ஒரு பொட்டு. இவ்வளவு ஆகும்னு நினைக்கல. விளக்குச் சோதனையும் செய்யல. பிலவேந்திரனுக்கும் இதுக்கும் சம்பந்தம் கிடையாது. என் வேலையை எடுத்துக்கோங்க, அவரை விட்டுருங்க."

"எழுதித் தாங்க."

எழுதிக் கொடுத்தாள். பயத்தோடு கூடவே ஒரு நிம்மதியும் இருந்தது. சம்பத்குமார் அதை ஒரு வரி விடாமல் படித்தார், மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு செல்போனில் ஒரு படத்தைத் திறந்து அவள் முன்னால் வைத்தார். ஆயுத பூஜைப் படம். டாக்டர் நல்லபெருமாள் பட்டு வேட்டியில் சிரித்துக்கொண்டு, மோதிர விரலால் வைர ஜன்னலின் ஓரத்தில் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார்.

"அவர் சம்சாரம் ஸ்டேட்டஸ்ல போட்டிருந்தாங்க. நான் சென்னையிலேருந்து கிளம்பும்போதே இது என்கிட்ட இருக்கு" என்றார் சம்பத்குமார். "தீட்டுல இருக்கறவங்க பொட்டு வைப்பாங்களாம்மா?"

அவள் செல்போனை எடுத்துக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள்.

"பொட்டு வெச்சது யாருன்னு கண்டுபிடிக்க நான் இவ்வளவு தூரம் வரல. அந்த ஜன்னல்ல என்ன நடந்ததுன்னு படிக்கத் தெரிஞ்சவங்க இங்க யாராவது இருக்காங்களான்னு பார்க்க வந்தேன். ஐம்பத்திரண்டு பேர் 'நான் இல்லை'ன்னாங்க, உங்க இயக்குநர் உட்பட. ரெண்டு பேர் மட்டும் 'நான்தான்'னாங்க. செய்யாததைச் செஞ்சேன்னு ஒருத்தர் ஒத்துக்கிட்டா, நடந்தது அவருக்குத் தெரியும்னுதானே அர்த்தம்?"

"ரெண்டு பேரா?"

"காலையில ஒன்பது மணிக்கு பிலவேந்திரன் எழுதிக் கொடுத்துட்டுப் போனார். உங்களைக் கைது பண்ணப் போறோம்னு சொன்னேன். குழாயைப் பார்க்கப் போனப்போ விளையாட்டா வெச்சுட்டாராம்." அவர் முதல் தடவையாகச் சிரித்தார். "கிறிஸ்தவர், குங்குமம்!"

மூன்று நாளாக இவன்தான் இவன்தான் என்று நம்பப் பாடுபட்டாளே, அந்த மனுஷன் அவளுக்காகப் பத்து வருஷத்தை எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். இந்த ஆள் எதிரில் அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"எங்களை என்ன செய்யப் போறீங்க?"

"ஒண்ணும் இல்லையே" என்றார் அவர் இதமாக. "ஜன்னல் வளரும்போதே உள்ள ஒரு குறை இருந்திருக்கு, அதனால உடைஞ்சுதுன்னு அறிக்கை எழுதறேன். அடுத்த வாரம் புது ஜன்னல் வருது. லீவு நாள்ல வந்த எங்க ஆளுங்களுக்கு ஒளி விடத் தெரியும், ஜன்னலைத் துடைக்கணும்னு தெரியல. துடைக்கிறவங்க இல்லாம வந்தது எங்க தப்பு. இனிமே அப்படி வர மாட்டோம். நீங்க துடைப்பீங்க, விளக்கு போட்டுப் பார்ப்பீங்க. அவர் பம்பு போடுவார்."

"எது குப்பைன்னு யாரு முடிவு பண்றது சார்?"

"நீங்களும் இல்ல, நானும் இல்ல." பென்சிலைச் சட்டைப் பையில் செருகினார். "இன்னொரு சின்ன வேலை. வெள்ளிக்கிழமை தோறும் எனக்கு ஒரு போன் பண்ணுங்க. அந்த வாரம் பிலவேந்திரன் யார் யார்கிட்ட பேசினார், ஊர்ல போய் என்ன சொன்னார், அவ்வளவுதான். அவர் எழுதின பேப்பர் என்கிட்ட பத்திரமா இருக்கும். நீங்க போன் பண்ணிட்டு இருக்கற வரைக்கும் அது வெளிய வராது."

"என்னைப் பத்திப் போன் பண்ணச் சொல்லி அவர்கிட்டயும் சொல்லியிருக்கீங்களா?"

சம்பத்குமார் எழுந்து கதவைத் திறந்துவிட்டார். "போயிட்டு வாங்கம்மா. சாப்பாட்டு நேரம்."

வெளியே வெயிலில் கண் கூசியது. கேட்டுக்கு எதிரே பஸ் நிற்கிற இடத்தில், பந்தலின் நிழல் எட்டாத மூலையாகப் பார்த்து பிலவேந்திரன் நின்றுகொண்டிருந்தான். பந்தலில் இருந்த அவன் ஊர்க்காரர்கள், போலீஸ் பிடித்துக்கொண்டு போகும் என்று சொன்ன ஆளை எப்படி விட்டார்கள் என்று அவனையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் பக்கத்தில் போய் நின்றாள். அவன் கையைப் பிடித்துக்கொண்டு, எனக்காக ஏன்டா அப்படி எழுதினே என்று கேட்க வேண்டும் போலிருந்தது. ஓவென்று அழ வேண்டும் போலிருந்தது. அதைக் கேட்டால் அவன் என்ன பதில் சொல்வான், அந்தப் பதிலை அவள் வெள்ளிக்கிழமை போனில் சொல்ல வேண்டியிருக்குமா, சொல்லாவிட்டால் அவன் எழுதிய தாள் என்ன ஆகும் என்று ஒன்றன் பின் ஒன்றாகத் தோன்றியது. அவனும் இதையே யோசித்துக்கொண்டிருக்கிறான் என்று அவன் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. ஒருவேளை அப்படி யோசிப்பதுபோல நடிக்கிறானோ என்றும் தோன்றியது.

"என்ன கேட்டாரு எக்கா?" என்றான் அவன்.

"ஒண்ணும் இல்ல. பழைய கேள்விதான். எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னுட்டேன். உன்கிட்ட?"

"எங்கிட்டயும் ஒண்ணும் இல்ல. தெரியாதுன்னுதான் சொன்னேன்."

பஸ் வந்தது. உள்ளே கூட்டமே இல்லை. உலகம்மாள் முன் இருக்கை ஒன்றில் ஜன்னலோரமாக உட்கார்ந்தாள். பிலவேந்திரன் அவளைத் தாண்டிப் போய், நான்கு இருக்கை பின்னால், அவள் முதுகு தெரிகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தான்.